மேற்கைத் திருப்பி வைத்தவர்

அந்தக் கோளரங்கத்தில் வேலை பார்த்தவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் அசரீரி. முகத்துக்கு நேரே அல்ல, முதுகுக்குப் பின்னால். விளக்கை அணைத்ததும் இருட்டில் எங்கிருந்தோ ஒரு குரல் கிளம்பும். குவிந்த கூரையில் உருண்டு, பார்க்க வந்தவர்களின் உச்சந்தலையில் இறங்கும். ஆள் தெரியாது. தெரியாததும் நல்லதற்குத்தான். ஆள் ஒல்லிக்குச்சி; முழுக்கைச் சட்டைக்குள் கை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். குரல் மட்டும் யாரோ ஒரு பயில்வானுக்குச் செய்ததைத் தவறுதலாக இவர் தொண்டையில் வைத்துவிட்ட மாதிரி அப்படி ஒரு கனம்.

அந்தக் குரலை வைத்துக்கொண்டு மனிதர் செய்த வேலை என்ன தெரியுமா? செத்துப்போனவர்களைத் திட்டுவது. நேற்று செத்தவர்களை அல்ல. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே மண்ணாகிப் போனவர்களை, திருப்பிக் கேட்க வாயில்லாதவர்களை. உயிரோடு இருப்பவர்களிடம் அவர் ஜம்பம் செல்லாது. வீட்டில் வாயைத் திறந்தால் மனைவி தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவாள். அலுவலகத்தில் திறந்தால் கணக்கர் பேனா மூடியால் காதைக் குடைய ஆரம்பிப்பார். அரங்கத்து இருட்டில்தான் கதவைச் சாத்திவிடுவார்கள்; பாதியில் யாரும் எழுந்து போக முடியாது. அங்கே ஐயா சிங்கம்.

அவரே எழுதி அவரே பேசிவந்த காட்சிக்குப் பெயர் ‘ஏமாந்த கண்கள்’. விஷயம், வெள்ளிக் கோள். “சூரியனையும் நிலாவையும் விட்டால் வானத்தில் இதைவிடப் பளிச்சென்று ஒன்று கிடையாது,” என்று ஆரம்பிப்பார். “இதைக்கூட ஒழுங்காகப் பார்க்கத் துப்பில்லை நம் முன்னோர்களுக்கு!”

முதலில், பளிங்கில் கோயில் கட்டிய ஒரு கூட்டத்தார் மாட்டிக்கொள்வார்கள். அந்தியில் மேற்கே தெரிந்ததற்கு ஒரு பெயரும், விடியும் முன் கிழக்கே தெரிந்ததற்கு இன்னொரு பெயரும் வைத்து, இரண்டும் வேறு வேறு என்று நெடுங்காலம் நம்பியிருந்தவர்கள். “ராத்திரி பார்த்த மாமியாரைக் காலையில் பார்த்து, ‘அம்மா, நீங்க யாரு?’ என்று கேட்ட மாப்பிள்ளைகள் இவர்கள்!” என்பார் அசரீரி. கூட்டம் கொல்லென்று சிரிக்கும்.

அடுத்து, இரண்டு ஆறுகளுக்கு நடுவே வாழ்ந்த ஜனங்கள். இரண்டும் ஒன்றுதான் என்று இவர்கள் முன்னதாகவே கண்டுகொண்டவர்கள். அதற்காக விட்டுவிடுவாரா? அது ஒரு பெண் தெய்வம், அந்தியில் வந்தால் காதல், விடியலில் வந்தால் போர் என்று நம்பினார்களாம். “நம்ம வீட்டு நிலவரம்தான், வேறென்ன!” சில நாள் கண்ணில் படாவிட்டால் அம்மணி பாதாளத்துக்குப் போய்விட்டாள் என்று கதை கட்டினார்களாம். “சூரியனுக்குப் பக்கத்தில் போனாள், வெளிச்சத்தில் தெரியவில்லை. இதற்கு ஒரு பாதாளமா?” கடலுக்கு அப்பால் காட்டுக்குள் கோபுரம் எழுப்பியவர்கள், வெள்ளி மறுபடி தலைகாட்டும் நாளைக் கணக்குப் போட்டு வைத்துக்கொண்டு படையெடுத்தார்களாம். “தோற்றவனும் அதே வெள்ளியைத்தானே பார்த்தான்?” கடைசியில் நம்மவர்கள். சுக்கிரன் அசுரர்களுக்கு வாத்தியார், ஒற்றைக் கண்ணர். வெள்ளி தெற்கே சாய்ந்தால் மழை பொய்க்கும். “மேகத்தைக் கேட்க வேண்டியதை வெள்ளியைக் கேட்டிருக்கிறார்கள்!” மறுபடியும் சிரிப்பு.

அந்த மூடர்கள் பனியில் நின்று, கழுத்து வலிக்க வலிக்க, அப்பன் விட்ட இடத்திலிருந்து பிள்ளை தொடர்ந்து அண்ணாந்து பார்த்தார்கள் என்பதை மட்டும் அவர் சொல்லமாட்டார். சொன்னால் சிரிப்பு வராதே! அவர் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிறது. பேருந்தில் வந்து இறங்குவார். கீழ்த்தளத்து வாசலில் நுழைவார். உள்ளே ஜன்னலே இல்லாத வட்டக் கட்டடம். இருட்டிய பிறகு வெளியே வந்து, பேருந்தின் எண்ணை மட்டும் உற்றுப் பார்ப்பார். அவரைப் பொறுத்தவரை வானம் என்பது மச்சான் பொத்தானை அமுக்கினால் வருவது.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. அக்கா புருஷனின் சிபாரிசில் வேலைக்குச் சேர்ந்து, கூரையில் நட்சத்திரங்களைக் காட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்பவன். கெட்டிக்காரன்தான், உடம்பு வணங்காது, அவ்வளவே.

அரங்கத்தின் வாசலுக்கு மேலே ‘வெளியே செல்லும் வழி’ என்று ஒரு பச்சை விளக்கு எரியும். தீயணைப்புத் துறையின் உத்தரவு. எந்த நிலையிலும் அணைக்கக் கூடாது. கட்டடம் கட்டியபோது உள்ளே தெரியும் மேற்கும் நிஜமான மேற்கும் ஒன்றாக, வாசல் பக்கம்தான் இருந்தன. ஆனால் அசரீரி உருகி உருகிப் பேசும் அந்திச் சூரியன் அந்தப் பச்சை வெளிச்சத்தில் பித்தம் பிடித்தவன் முகம் போலத் தெரிந்தது. அவருக்குப் பொறுக்கவில்லை. “வானத்தைத் திருப்புடா,” என்றார். மச்சான் திருப்பினான். பாதிச் சுற்று. அன்று முதல் சூரியன் வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில், நல்ல இருட்டில், செக்கச்செவேலென்று மறைய ஆரம்பித்தது. நாற்காலிகளையும் வாசலுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டார்கள். நாளாவட்டத்தில், திருப்பி வைத்ததே அவருக்கு மறந்துபோனது. வாசலுக்கு எதிரே மேற்கு. அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் நிர்வாகக் குழுவுக்குப் புதிய தலைவர் வந்தார். ஓய்வுபெற்ற நீதிபதி அம்மாள். யார் எதைச் சொன்னாலும் தலையைச் சாய்த்துப் பொறுமையாகக் கேட்பார். கேட்டுவிட்டு ஒரே வாக்கியத்தில் கதையை முடிப்பார். ‘ஏமாந்த கண்கள்’ காட்சியை ஒரு முறை பார்த்தார், பிறகு இன்னொரு முறை பார்த்தார்.

“ரெண்டு தடவையும் அதே பேச்சு, அதே சிரிப்பு. ஒரு தடவை பதிவு பண்ணி வச்சுட்டா போதாதா சார்?” என்றார்.

அம்மாள் சும்மா கேட்கவில்லை. அடுத்த வாரமே எங்கிருந்தோ மாதிரிக்கு ஒரு பதிவு வந்து சேர்ந்தது. மூச்சு வாங்காத, இருமாத, யாரையும் கேலி செய்யத் தெரியாத ஒரு குரல்.

“பச்சைத் தண்ணி,” என்றார் மச்சானிடம். “இதைக் கேட்டா எவனுக்காவது சிரிப்பு வருமாடா?”

“வராதுதான் அத்தான். ஆனா இது லீவும் போடாது, என்னைத் திட்டவும் திட்டாது,” என்றான் மச்சான்.

வெளியே எகத்தாளமாகப் பேசினாலும் அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நிஜமான பயம். அந்த இருட்டைப் பிடுங்கிக்கொண்டால் இந்த உலகத்தில் அவர் பேச்சைக் கேட்க ஒரு ஜீவன் கிடையாது. அது அவருக்கே நன்றாகத் தெரியும். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் துள்ளிக் குதித்துக்கொண்டு வந்தார்.

“மச்சான், பெட்டிக்குள்ள இருக்குற குரல் மாடிப்படி ஏறுமா?”

“என்ன அத்தான், காய்ச்சலா?”

“காட்சி முடிஞ்சதும் அத்தனை பேரையும் மொட்டைமாடிக்குக் கூட்டிட்டுப் போறேன். நிஜ வெள்ளியைக் கையை நீட்டிக் காட்டறேன். இப்ப அந்தியில நல்லா தெரியுற நேரம். உயிருள்ள மனுஷன் எதுக்கு வேணும்னு அந்த அம்மாவுக்கு அங்க புரியும்.”

மச்சான் வாயிலிருந்த முறுக்கை விழுங்கிவிட்டு, “நல்ல யோசனைதான்,” என்றான். உண்மையிலேயே நல்ல யோசனைதான். அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

குழு முழுவதும் குடும்பத்தோடு வந்த மாலை அது. அசரீரியின் மனைவியும் வந்திருந்தாள், கணவனின் பிழைப்பு என்னவாகிறது என்று பார்க்க. கைப்பேசி வெளிச்சம் இருட்டைக் கெடுக்கும் என்பதால் எல்லாருடைய கைப்பேசியையும் வழக்கம்போல வாசலிலேயே வாங்கிப் பூட்டி வைத்தார்கள். அன்றைக்கு அசரீரி பேசிய பேச்சு இருக்கிறதே, அந்தக் காட்சியை அவர் அதற்கு முன்னும் அப்படிப் பேசியதில்லை, பின்னும் பேசப்போவதில்லை. மாமியார் ஜோக்குக்கு நீதிபதி அம்மாள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முன்னோர்கள் வரிசையாக வந்து அடி வாங்கிக்கொண்டு போனார்கள். மேற்குச் சுவரில் லேசர் விளக்கின் பச்சைப் புள்ளியை வைத்து, “இதோ, இந்த இடம். இப்போது மேலே போய் இதே இடத்தில் நிஜத்தைப் பார்ப்போம்,” என்று முடித்தார்.

வட்டப் படிக்கட்டில் சுற்றிச் சுற்றி ஏறினார்கள். மாடிக் கதவு சரியாக அரங்க வாசலுக்கு மேலே திறந்தது. அதன் தலைக்கு மேலே பெரிய தண்ணீர்த் தொட்டி. அசரீரி சட்டைக் காலரில் மைக்கோடு முன்னால் நடந்தார். தொட்டியின் காலில் கட்டியிருந்த ஒலிபெருக்கியில் அவர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. கதவுக்கு முதுகு காட்டிக் கூட்டத்தை நிறுத்தினார். எதிர்ப்பக்கத்துக் கைப்பிடிச் சுவருக்கு மேலே, தூரத்துக் கட்டடங்களுக்குச் சற்று உயரத்தில், ஒரு வெளிச்சப் புள்ளி அசையாமல் நின்றது. பச்சைப் புள்ளியை எங்கே வைத்தாரோ அங்கேயே. அவருக்கு நெஞ்சு விம்மியது.

“அதோ! நம் முன்னோர்கள் இரண்டு பெயர் வைத்து ஏமாந்த வெள்ளி!”

எல்லாரும் கை தட்டினார்கள். நீதிபதி அம்மாள் மட்டும் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

“சார், ஒரு சின்ன சந்தேகம். சூரியன் மேற்கேதானே மறையும்?”

“ஆமா மேடம், அதுல என்ன சந்தேகம்?”

“இல்ல, பின்னாடி பாருங்க. வானம் அங்கதானே செவந்து கிடக்கு?”

கூட்டம் திரும்பியது. கதவுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் பின்னால் அடிவானம் சிவப்பாகக் கிடந்தது. அசரீரிக்கு உள்ளே ஏதோ இடித்தது. ‘அட, தப்புப் பண்ணிட்டேனே!’ என்று சொல்லிச் சிரித்திருந்தால் கூட்டமும் கூடவே சிரித்திருக்கும், அத்தோடு தீர்ந்திருக்கும். ஆனால் தப்பு என்றால் அது செத்தவர்கள் செய்வது என்றே பழகிப்போன வாய் அது. குழு முழுவதும் எதிரில் நிற்கிறது. பெட்டிக் குரல் வேறு காத்துக்கொண்டிருக்கிறது.

“அது கடைத்தெரு வெளிச்சம் மேடம். தூசியில பட்டு செவப்பா தெரியுது. உள்ள இவ்வளவு நேரம் என்ன சொன்னேன்? கண்ணு சொல்றதை நம்பக் கூடாது, அறிவால பாக்கணும்.”

“அப்படியா? ஆனா நான் இந்தப் பக்கமா கார்ல வரும்போது மூஞ்சியில வெயில் அடிக்குமே...”

“காலையில வர்றப்பவா, சாயங்காலம் வர்றப்பவா?”

“சாயங்காலம்தான்னு நினைக்கிறேன். காலையிலயும் ஒரு தடவை...”

“சாட்சி தடுமாறுது, பாத்தீங்களா!” என்றார் அசரீரி. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அம்மாளும் சிரித்து, தோல்வியை ஒப்புக்கொள்வது போலக் கையைத் தூக்கினார். காலமெல்லாம் சாட்சிகளை மடக்கியவரை ஒரு வாய்வீச்சில் மடக்கிவிட்ட பெருமையில் அசரீரிக்குத் தலைகால் புரியவில்லை.

“அப்ப இது என்னங்க?” என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், சிவப்புக்கு மேலே, வெள்ளை வெளேரென்று இன்னொரு வெளிச்சம்.

“விமானம்.”

“அசையலையே?”

“நம்மள நோக்கி வர்ற விமானம் அசையாதும்மா.” சொல்லிவிட்டுக் குரலை ஏற்றினார். “திரும்பாதீர்கள்! நம் முன்னோர்களைக் கெடுத்ததே இந்தத் திரும்பிப் பார்க்கும் புத்திதான். நேரே பாருங்கள்!”

அத்தனை பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல நேரே பார்த்தார்கள். அவர்களுக்கு முன்னால் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்ற அசரீரியின் முகத்துக்கு நேரே இப்போது அந்த விமானம். அவர் அதைப் பார்த்தார். அது வரவில்லை. பெரிதாகவும் இல்லை, நகரவும் இல்லை, சத்தமும் இல்லை. அந்த மாதம் இருட்டும் நேரத்தில் கிழக்கே வியாழன் உதிக்கும் என்று கீழே அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டியவரே அவர்தான். படிக்கட்டுக் கதவில் மச்சான் நின்றுகொண்டு, ஸ்டியரிங்கைத் திருப்புவது போல இரண்டு கையையும் சுழற்றிச் சுழற்றிக் காட்டினான். அந்தக் கையைப் பார்த்ததும் எல்லாம் நினைவுக்கு வந்தது. பச்சை விளக்கு, பித்தம் பிடித்த சூரியன், ‘திருப்புடா’ என்று சொன்ன தன் வாய்.

“கீழே தேநீர் தயாராக இருக்கிறது,” என்றார் ஒலிபெருக்கியில்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றக்கூட விடவில்லை மனைவி.

“என்னங்க, விமானம் இன்னும் வந்து சேரலையா?”

முன்னாலேயே வந்து தட்டின் முன் உட்கார்ந்துவிட்ட மச்சான் சோற்றைப் பிசைந்துகொண்டே குனிந்து சிரித்தான்.

“நீ சிரிக்காதடா. ஒரு நட்சத்திரத்துக்கு ரெண்டு பேர் வச்சாங்கன்னு அவங்கள அந்தப் பேச்சு பேசினாரு. இவரு ரெண்டுக்கும் ஒரே பேரை வச்சுட்டு, நிஜமானதை விமானத்துல ஏத்தி அனுப்பிட்டு வந்திருக்காரு. அவங்களாவது அண்ணாந்து பாத்துட்டுத் தப்பாச் சொன்னாங்க.”

“விடுக்கா. எவன் வந்து சரிபாக்கப் போறான்? அந்த அம்மா மூஞ்சியப் பாத்தியா, அப்படியே மயங்கிக் கிடக்கு. அத்தானுக்கு இப்ப சுக்கிரதிசை. வாயைத் தொறந்து கெடுத்துக்க வேண்டாம்.”

“சுக்கிரன் எந்தத் திசைன்னே தெரியாத மனுஷனுக்கு என்னடா சுக்கிரதிசை?”

மச்சானுக்குப் புரையேறிவிட்டது. அவன் தலையில் தட்டிவிட்டுத் தண்ணீர் கொடுத்தவள், கணவன் பக்கம் திரும்பியபோது குரலைத் தணித்துக்கொண்டாள்.

“நாளைக்கே போய்ச் சொல்லிடுங்க. மத்தவங்களுக்காகச் சொல்லல. இல்லன்னா தினமும் அந்த மாடியில ஏறி இதே பொய்யை நீங்க சொல்லியாகணும். உங்களால முடியாது. எனக்குத் தெரியும்.”

“சொல்லிடறேன்,” என்றார். சொல்ல வேண்டும் என்றுதான் அவரும் நினைத்தார். ஆனால் மறுநாள் காலையில் நீதிபதி அம்மாளே தொலைபேசியில் வந்துவிட்டார்.

“சார், குழு ஒரு மனசா முடிவு பண்ணிடுச்சு. அந்தப் பதிவைத் திருப்பி அனுப்பிடறோம். உங்க குரல்தான் எங்களுக்கு வேணும்.”

இதைக் கேட்கத்தானே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தார்? நாக்கு நுனி வரை வந்த உண்மை அப்படியே உள்ளே போய்விட்டது. “ரொம்ப நன்றி மேடம்,” என்றார். வானமும் அவருக்கு ஒத்தாசை செய்தது. அந்த வாரம் முழுக்க மேகம் மூடிக் கிடந்ததால் மாடிக்குப் போகும் பேச்சே எழவில்லை. மனைவி தினமும் கேட்பாள், “சொல்லிட்டீங்களா?” அவர் தினமும் சொல்வார், “மேகம் கலையட்டும். மாடியிலேயே வச்சு, கையால காட்டிச் சொல்லிடறேன்.” கோழைத்தனத்துக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. ஆனாலும் இரவில் படுக்கையில் கண்ணை மூடினால் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அந்த வெள்ளை வெளிச்சம் வந்து நின்றது. ஒருநாள் விடிந்ததும் வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. குளித்துவிட்டு வந்து, “இன்னைக்குச் சொல்லிடுவேன்,” என்று தானாகவே சொன்னார். இந்த முறை மனைவி தொலைக்காட்சியை அணைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

அன்று மாலை அவர் மைக்கை எடுக்கப் போனபோது நீதிபதி அம்மாள் கையைப் பிடித்துத் தடுத்தார். தன் பழைய தோழிகள், உறவுக்காரர்கள் என்று ஒரு பட்டாளத்தையே திரட்டிக்கொண்டு வந்திருந்தார்.

“இன்னைக்கு நீங்க பேசக் கூடாது. என் பக்கத்துல உக்காந்து கேக்கணும்.”

“கேக்கணுமா? எதை மேடம்?”

விளக்கு அணைந்தது. ‘சூரியனையும் நிலாவையும் விட்டால்...’ என்று கூரையிலிருந்து ஆரம்பித்தது அவருடைய குரல். அவர் உதடு அசையவில்லை. அன்றைய மாலைப் பேச்சு, இம்மி பிசகாமல். காலர் மைக்கில் வருவதையெல்லாம் மச்சானின் இயந்திரம் வழக்கமாகவே பதிந்து வைத்துக்கொள்ளும். அம்மாள் அதைக் கேட்டு வாங்கியிருக்கிறார்.

“பாத்தீங்களா!” என்று இருட்டில் காதோரம் கிசுகிசுத்தார் அம்மாள். “அன்னைக்கு மாதிரி இனிமே உங்களாலேயே பேச முடியாது. அதனால அதையே வச்சுக்கலாம்னு முடிவு பண்ணிட்டோம். உங்க குரல்தான். நீங்க வீட்டுல நிம்மதியா ஓய்வெடுக்கலாம்.”

மாமியார் ஜோக் வந்தது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. தன் ஜோக்குக்குச் சிரிக்கும் கூட்டத்தின் நடுவே, சிரிக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார் அசரீரி. இயந்திரத்துக்குப் பக்கத்தில் மச்சான் அவர் பக்கம் திரும்பவே இல்லை. பிறகு எல்லாரும் சுற்றிச் சுற்றி மாடிக்கு ஏறினார்கள். அவரும் ஏறினார், கடைசி ஆளாக.

மேலே ஒரு மேகத் துணுக்கு கிடையாது. கதவுக்குப் பின்னால் மேற்கு சிவந்து கிடந்தது. தொட்டிக்கு அந்தப் பக்கம், அன்றைக்கு இருந்த இடத்திலேயே, வெள்ளி எரிந்துகொண்டிருந்தது. கூட்டம் யாரும் சொல்லாமலே கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அம்மாள் ஏற்கெனவே தோழிகளுக்கு விளக்க ஆரம்பித்திருந்தார்: “அதோ பாருங்கடி, அதான். இதுக்குப் போய் ரெண்டு பேர் வச்சாங்களாம், பைத்தியங்க.”

“மேடம்,” என்றார் அசரீரி. “திரும்புங்க மேடம். வெள்ளி இந்தப் பக்கம் இருக்கு.”

அம்மாள் சிரித்தார். “சோதிச்சுப் பாக்குறார்,” என்றார் தோழிகளிடம்.

“சோதனை இல்ல மேடம். அன்னைக்கு நான் தப்பாச் சொல்லிட்டேன். நீங்க கேட்டதுதான் சரி. அது மேற்கு இல்ல, கிழக்கு. நீங்க பாக்குறது வியாழன். அறிவிப்புப் பலகையில நானே எழுதியிருக்கேன், வேணும்னா...”

“என்ன அடக்கம் பாருங்க இந்த மனுஷனுக்கு!” என்று உருகிப்போனார் அம்மாள்.

அவர் ஒவ்வொருவராகத் தேடிப் போனார். கூரையில்லாத வெட்டவெளியில், மைக் இல்லாமல், அந்தக் குரல் எழும்பவே இல்லை. தொண்டையிலிருந்து வந்தது ஒரு ஒல்லிக்குச்சியின் சத்தம்தான். மீசை வைத்த ஒருவரின் தோளைத் தொட்டு, தொட்டிப் பக்கம் கையைக் காட்டினார்.

“அதைப் பாருங்க சார். அதுதான் வெள்ளி. தயவுசெஞ்சு ஒரு தடவை பாருங்க.”

மீசைக்காரர் மரியாதைக்குத் திரும்பிப் பார்த்தார். “அது விமானம்தானே? மேடம் வழியிலேயே சொன்னாங்க. தினம் இதே நேரத்துக்கு வருமாம்.”

“விமானம் எங்கயாவது இப்படி நிக்குமா சார்?”

“நம்மள நோக்கி வர்றது அசையாதாம்.”

அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது. தொட்டியின் காலிலிருந்து, கனமாக, மாடி முழுவதும் நிறைந்து வந்தது குரல்: “திரும்பாதீர்கள்! நம் முன்னோர்களைக் கெடுத்ததே இந்தத் திரும்பிப் பார்க்கும் புத்திதான். நேரே பாருங்கள்!”

மீசைக்காரர் சட்டென்று நேரே திரும்பிக்கொண்டார். கூட்டம் முழுவதும் சிரித்துக்கொண்டே கிழக்கைப் பார்த்தது.

“கேக்காதீங்க! அது தப்பு, நான்தான் சொல்றேன், அந்தக் குரலே என்னோடதுதான்!” என்று அவர் மீசைக்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்தார். கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது.

அந்த ஆள் சட்டையை விடுவித்துக்கொண்டு, உதட்டில் விரலை வைத்தார்.

“உஷ்... கொஞ்சம் பேசாம இருங்க சார். அவர் சொல்றது காதுல விழல.”